ஆஃப் சீசன் கடற்கரை: ஒரு பெரியவர், இரண்டு பிள்ளைகள், ஐந்து இரவு

ஆகஸ்ட் 2, இரவு 10.50

பிள்ளைகளோடு தனியாகக் கடற்கரைக்குப் போவதென்றால் ஆஃப் சீசன்தான் சரி என்பது என் கட்சி. கூட்டம் இருக்காது, வாடகை பாதியாக இறங்கிவிடும், பிள்ளை எந்தப் பக்கம் ஓடினாலும் கண்ணுக்குத் தெரியும். இன்னும் போய்ப் பார்க்கவில்லை, கணக்கு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன். பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவனுக்கு நாலு. கட்டட வேலை என்று பெரியவளின் பள்ளிக்கு மட்டும் செப்டம்பர் நடுவில் ஒரு வாரம் விடுமுறை விட்டிருக்கிறார்கள். மற்ற பள்ளிகள் எல்லாம் நடக்கும் வாரம் அது. இப்படி இன்னொரு வாரம் வாய்க்காது. ஏன் தனியாக என்று யாரும் கேட்க வேண்டாம். கணக்கில் எங்கே ஓட்டை என்று மட்டும் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் 3, காலை 6.15

"எந்தக் காரணத்தால் ஆஃப் சீசன்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். ஒரு வரிக் கேள்வி, என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. யோசித்துப் பார்த்தால் ஓர் ஊரில் சீசன் முடிவதற்கு மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். குளிர் வந்துவிட்டது. இல்லை, மழையும் புயலுமான மாதங்கள் தொடங்கிவிட்டன. இல்லை, பள்ளி திறந்துவிட்டது, அவ்வளவுதான். மூன்றிலும் வாடகை இறங்கும். ஆனால் மூன்றாவதில் மட்டும்தான் கடல் நேற்று இருந்த மாதிரியே இருக்கும்.

மழை மாதங்களில் வானம் வெளுத்திருந்தாலும் நம்ப முடியாது. எங்கோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் அடித்த காற்று எழுப்பிய அலை, இரண்டு நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். வெயில் அடிக்கும், கடலில் கால் வைக்க முடியாது. அதைப் பிள்ளைகளுக்கு விளக்கவும் முடியாது.

குளிர் விஷயத்தில் ஒரு நல்ல செய்தி. தண்ணீர் மெல்லச் சூடேறும், மெல்ல ஆறும். பூமியின் வட பாதியில் மிக நீளமான பகல் ஜூனில் வந்தாலும், மிதமான நாடுகளின் கடல் அதன் உச்ச வெப்பத்தைத் தொடுவது ஆகஸ்டில்தான், சில இடங்களில் செப்டம்பரும் ஆகிவிடும். ஆகவே சீசனுக்கு முந்தைய மலிவு வாரத்தைவிடப் பிந்தைய மலிவு வாரம் எவ்வளவோ மேல். மே மாத வெயிலைப் பார்த்து ஏமாந்து தண்ணீரில் இறங்கி, அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 3, இரவு 11.30

"வாடகை பாதி" என்று எழுதினேன் அல்லவா, திருத்திக்கொள்கிறேன். இன்று பத்துப் பன்னிரண்டு இடங்களைக் கடைசிப் பக்கம் வரை தட்டிப் பார்த்தேன். பெரிதாகப் போட்டிருப்பது இரவு வாடகை. கடைசியில் வந்து ஒட்டிக்கொள்வது சுத்தம் செய்யும் கட்டணம். இதில் ஆஃப் சீசன் தள்ளுபடி கிடையாது. எத்தனை இரவு தங்கினாலும் ஒரே தொகை. ஓர் இரவு வாடகைக்குச் சமமான சுத்தக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவு தங்கினால் உண்மையில் ஓர் இரவுக்கு ஒன்றரை வாடகை. ஐந்து இரவு தங்கினால் ஒன்றேகால் கூட ஆகாது. வாரக் கடைசிக்கு ஓடிப்போய் ஓடி வரும் ஆசை இத்துடன் தீர்ந்தது.

ஞாயிறு போய் வெள்ளி திரும்புவதாகத் தேதி மாற்றினேன், தொகை இன்னும் இறங்கியது. வெள்ளி, சனி இரவுகளை விட்டுவிட்டால் போதும். இதைக் கண்டுபிடித்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. இதை எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்று யாரும் எழுத வேண்டாம்.

ஹோட்டல் பக்கம் வேறு ஒரு வேடிக்கை. குடும்பச் சலுகை எல்லாம் இரண்டு பெரியவர், இரண்டு குழந்தை என்றே அச்சடித்து வைத்திருக்கிறார்கள். ஒரு பெரியவர் என்று மாற்றினால் பல இடங்களில் தொகை அசையக்கூட மாட்டேன் என்கிறது. வராத ஓர் ஆளுக்கும் சேர்த்துக் கட்டணம். ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்களைவிட, அறைக்கு அல்லது வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் இடங்கள்தான் நமக்குக் கட்டுப்படியாகும். அடுப்பும் துணி துவைக்கும் மெஷினும் இருந்தால் பாதிச் செலவு அங்கேயே நின்றுவிடும். மெஷின் இருந்தால் ஐந்து நாளுக்கு இரண்டு நாள் துணி போதும், பை சிறுக்கும். தனி ஆளுக்கு இரண்டு கைதான், அதில் ஒன்று எப்போதும் சின்னவனுக்கு.

ஆகஸ்ட் 6, மதியம் 1.10

பிடித்துவிட்டேன்! கடலிலிருந்து இருபது நிமிட நடை, முதல் வரிசை வீடுகளைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. நடப்பது உடம்புக்கும் நல்லது. மாலைக்குள் முன்பணம் கட்டப்போகிறேன்.

ஆகஸ்ட் 6, மாலை 5.40

கட்டவில்லை. "எந்த நாலு வயதுக்காரனின் இருபது நிமிடம்?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

ஆகஸ்ட் 9, இரவு 9.55

ஒத்திகை பார்த்தேன். சிரிப்பவர்கள் சிரியுங்கள். துண்டு மூன்று, மாற்றுத் துணி, தண்ணீர், வாளி, மண்வாரி, பெரிய குடை எல்லாவற்றையும் பையில் போட்டு, இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வீட்டிலிருந்து இருபது நிமிடத்தில் வரும் பூங்காவுக்குப் புறப்பட்டேன். என் தனி நடைக்கு இருபது நிமிடம். எங்களுக்கு நாற்பத்தைந்து. ஒன்பதாவது நிமிடத்தில் சின்னவன் ஒரு சுவரின் நிழலில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, பக்கத்தில் ஜோடியாக அடுக்கி வைத்துவிட்டான். அவன் செருப்பை ஜோடியாக வைத்தால் அதற்கு மேல் பேச்சுவார்த்தை இல்லை. திரும்பும்போது அவன் தோளில், பை முதுகில், குடை பெரியவளிடம். இத்தனைக்கும் அது காய்ந்த துணி. கடலில் நனைந்த துண்டின் எடையும், மணலில் நடக்கும் நடையும், அலுத்துப்போன பிள்ளையும் இன்னும் கணக்கில் வரவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று பூங்காவில்தான் தெரிந்தது. பெரியவளுக்குக் கழிப்பறை போக வேண்டும். இரண்டு பெரியவர்கள் இருந்தால் ஒருவர் கூட்டிப்போவார், ஒருவர் இருப்பார். நான் தனி. ஒருத்திக்கு வந்தால் மூன்று பேரும் எழுந்திருக்க வேண்டும், பையும் எழுந்திருக்க வேண்டும். அதிலும் நான் ஆண், அவள் பெண். எட்டு வயதுப் பெண்ணை ஆண்கள் பக்கம் கூட்டிப்போவதா, பெண்கள் பக்கம் தனியாக அனுப்பிவிட்டு வாசலில் நின்று வினாடிக்கொரு தரம் பேர் சொல்லிக் கூப்பிடுவதா? கூப்பிட்டேன். உள்ளேயிருந்து "அப்பா, சும்மா இருங்க" என்று வந்தது. சீசன் முடிந்த கரையில் பொதுக் கழிப்பறை பூட்டிக் கிடக்கவும் வாய்ப்பு அதிகம்.

ஆகவே என் விதி மாறிவிட்டது. அறையின் கழிப்பறை, மணலிலிருந்து நடந்து போய் வரும் தூரத்தில் இருக்க வேண்டும். மிச்சம் பிடிப்பதை எல்லாம் வேறு எதிலாவது பிடிக்க வேண்டும். ஆஃப் சீசனின் உண்மையான லாபமே இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. சீசனில் நமக்கு எட்டாத முதல் வரிசை, இப்போது சீசனின் மூன்றாம் வரிசை விலைக்கு வரும். மலிவான இடத்தை இன்னும் மலிவாக எடுப்பதில் புண்ணியமில்லை.

ஆகஸ்ட் 11, காலை 7.00

"எட்டு வயதுப் பெண் இருக்கிறாளே, சின்னவனை அஞ்சு நிமிஷம் பார்த்துக்கொள்ள மாட்டாளா?" என்று கேட்டவருக்கு. வீட்டில் பார்த்துக்கொள்வாள். தண்ணீர் ஓரத்தில் வேண்டாம். மூழ்கும் பிள்ளை சினிமாவில் வருவது போலக் கத்தாது, கையை ஆட்டாது. வாய் நீர்மட்டத்துக்கு மேலே வருவதும் போவதுமாக இருக்கும்போது மூச்சு வாங்கத்தான் நேரம் இருக்கும், கூப்பிட இருக்காது. ஒரு நிமிடத்துக்குள் சத்தமில்லாமல் முடிந்துவிடும். பெரியவர்களே பக்கத்தில் நின்று கவனிக்காமல் விடும் விஷயம் இது. எட்டு வயதின் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

ஆகஸ்ட் 14, இரவு 10.20

இடம் முடிவானது. முன்பணம் கட்டுவதற்கு முன் போன் போட்டுக் கேட்டவை: சுடுதண்ணீர் எல்லா நேரமும் வருமா. மின்சாரம் வாடகைக்குள்ளா, மீட்டர் பார்த்துத் தனியாகவா (தனியாம். குளிர் மாதத்தில் ஹீட்டர் போட்டால் மலிவு வாடகையை அதுவே தின்றுவிடும்). எந்தத் தேதி வரை ரத்து செய்தால் பணம் திரும்பும். பக்கத்தில் எந்தக் கடை திறந்திருக்கும், எந்தக் கிழமை மூடியிருக்கும். படத்தில் இருக்கும் நீச்சல் குளத்தில் அந்த வாரம் தண்ணீர் இருக்குமா (இருக்காது. படத்தில் மட்டும்தான்). பால்கனிக் கம்பி எவ்வளவு உயரம், ஏறுவதற்கு வாகாகக் குறுக்குக் கம்பி உண்டா. கடைசிக் கேள்விக்கு அந்த அம்மா கொஞ்சம் யோசித்து, "நீங்கள் தரைத்தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். எடுத்துக்கொண்டேன். அது இன்னும் விலை குறைவு. கடல் தெரியாதாம். கடல் எழுபது அடி தள்ளிக் கிடக்கும்போது ஜன்னல் வழியாக வேறு எதற்குப் பார்க்க வேண்டும்?

ஒரே அறை, ஒரு சின்னச் சமையல் மேடை. "தனியாகக் கதவு போட்ட அறை இருக்கிற மாதிரி எடுங்கள்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மூன்று பேருக்கு இரண்டு அறை ஆடம்பரம். தேவையில்லை.

ஆகஸ்ட் 15, காலை 8.30

நாட்டு எல்லையைத் தாண்டிப் போகிறவர்கள் மட்டும் கவனிக்க: பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளைகளோடு போனால், மற்றவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட கடிதத்தைப் பல நாடுகளின் எல்லையில் கேட்பார்கள். பிள்ளையின் குடும்பப் பெயரும் உங்கள் பெயரும் வேறாக இருந்தால் பிறப்புச் சான்றிதழ் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எல்லை தாண்டவில்லை, எனக்கு அந்தத் தலைவலி இல்லை.

ஆகஸ்ட் 30, இரவு 11.15

கடல் பற்றி உட்கார்ந்து படிக்கிறேன். இரண்டு விஷயம்.

ஒன்று, கொடிகள். மேலே சிவப்பு, கீழே மஞ்சள் என்று இருநிறக் கொடிகள் இரண்டு இடைவெளி விட்டுப் பறந்தால், அந்த இரண்டு கொடிகளுக்கு நடுவில் உயிர்காப்பாளர் கண்காணிக்கிறார் என்று பொருள். ஒற்றைச் சிவப்பு ஆபத்து அதிகம் என்பதற்கு, சில நாடுகளில் இறங்கவே கூடாது என்பதற்கு. இரண்டு சிவப்பு என்றால் கடல் மூடல். ஊதா நிறம் ஜெல்லி மீன் மாதிரிக் கொட்டுகிறவைகளுக்கு. ஆஃப் சீசனில் எந்தக் கொடியும் இருக்காது. கொடி இல்லாததைக் கடல் நன்றாக இருக்கிறது என்று படித்துவிடக் கூடாது, பார்க்க ஆள் இல்லை என்றுதான் படிக்க வேண்டும். என் முதல் குறிப்பில் கூட்டமில்லாததை லாபக் கணக்கில் எழுதியிருந்தேன். பாதியை நஷ்டக் கணக்குக்கு மாற்றுகிறேன். கூட்டம் இல்லாத இடத்தில் கூப்பிட்டால் வருவதற்கும் ஆள் இல்லை.

இரண்டு, ஓதம். பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு தடவை ஏறும், இரண்டு தடவை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். நான் "தினமும் காலை 9.30 முதல் கடல்" என்று அழகாக அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டேன். ஞாயிறு 9.30க்கு வற்றும் கடல், வியாழன் அன்று மதியம் 12.50க்குத்தான் வற்றும். வற்றிய நேரத்தில்தான் அகலமான மணலும் குட்டைகளும் கிடைக்கும். அட்டவணையைக் கிழித்தாயிற்று. பெரியவள் அதன் பின்பக்கத்தில் திமிங்கலம் வரைந்திருக்கிறாள்.

சேர்க்க மறந்தது: காற்று கரையிலிருந்து கடல் பக்கமாக அடிக்கும் நாளில் அலை அடங்கிப்போகும், பிள்ளைகளுக்கு அதுதான் நல்ல நாள்.

செப்டம்பர் 5, காலை 6.40

நீச்சலுடையின் நிறம் பற்றிப் பேச்சு வந்தது. நீலமும் வெள்ளையும் தண்ணீருக்குள் போனதும் காணாமல் போய்விடும். கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு, பச்சை கலந்த மஞ்சள் இவைதான் தெரியும். வாளியில் தண்ணீர் பிடித்துத் துணியை முக்கி நீங்களே பாருங்கள். பெரியவளுக்கு நீலம்தான் வேண்டுமாம், அதில் மீன் செதில் போட்டிருக்கிறதாம். இரண்டு நாள் பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் நீல உடை, தலையில் ஆரஞ்சுத் தொப்பி.

செப்டம்பர் 13, இரவு 9.05

வந்து சேர்ந்தோம். மணல் எழுபது அடி என்றார்கள், எண்ணினேன், நூற்றுப் பத்து. பரவாயில்லை. கடைகளில் பாதி மூடியிருக்கின்றன. கரையில் எங்களைத் தவிர நாயோடு ஒரு பெரியவர். பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். விளக்கை அணைத்தாயிற்று. நான் குளியலறையில், கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

செப்டம்பர் 14, இரவு 9.30

இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் இறங்க இடம் தேடினேன். அலை இடுப்பளவு கூட இல்லை, ஆனால் சின்னவனுக்கு அதுவே மலை. இடப்பக்கம் வெள்ளையாக நுரைத்து உடைகிறது, வலப்பக்கமும் அப்படியே. நடுவில் ஒரு பத்துப் பதினைந்து அடி அகலத்துக்கு அலையே உடையாமல், கொஞ்சம் கருத்து, தளதளவென்று அமைதியாக இருந்தது. கடவுள் நமக்கென்று ஒதுக்கிய இடம் என்று நினைத்து அங்கே துண்டை விரித்தேன்.

நாய்ப் பெரியவர் வந்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "இது வாசல்" என்றார். புரியாமல் விழித்தேன். காய்ந்த கடற்பாசிக் கொத்து ஒன்றை எடுத்து அந்த அமைதியான தண்ணீரில் எறிந்தார். அது கரைக்கு வரவில்லை. நிதானமாக, யாரோ நூல் கட்டி இழுப்பது போல, உள்ளே போய்க்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் அலைகள் கரைக்கு ஓடி வர, நடுவில் அது மட்டும் எதிர்த்திசையில் போனது. பெரியவள் "அப்பா, அது எங்க போகுது?" என்றாள். எனக்கு வயிற்றுக்குள் என்னவோ செய்தது.

கரையிலிருந்து கடலுக்குள் இழுத்துப்போகும் இந்த நீரோட்டத்தைப் பற்றிப் படித்தவன்தான் நான், புத்தகத்தில் அம்பு போட்டு வரைந்த படம்கூடப் பார்த்திருக்கிறேன். அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் எங்கேயாவது திரும்பிப் போயாக வேண்டும். மணல்திட்டில் ஆழமான பள்ளம் எங்கே இருக்கிறதோ அங்கே சேர்ந்து ஆறு மாதிரி ஓடும். அங்கே ஆழம் அதிகம், அதனால்தான் அலை உடைவதில்லை. அதனால்தான் அமைதியாகத் தெரிகிறது. வேகம் கூடினால் நொடிக்கு இரண்டு மீட்டரைத் தாண்டும், 100 மீட்டர் நீச்சலில் உலக சாதனை வேகமே அந்த அளவுதான். எதிர்த்து நீந்தி யாரும் ஜெயிக்க முடியாது. மாட்டிக்கொண்டால் பதறாமல் மிதந்து மூச்சைச் சீராக்கிக்கொண்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், அலை உடையும் இடம் வந்ததும் அதோடு திரும்ப வேண்டும். இது பெரியவர்களுக்கு. நாலு வயதுக்கு ஒரே உபாயம், அந்தப் பக்கமே போகாதிருப்பது.

இனிமேல் கரைக்கு வந்ததும் பத்து நிமிடம் உயரமான மணல்மேட்டில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத்தான் துண்டு விரிப்பது. கீழே நின்றால் எல்லாம் ஒரே தண்ணீர். மேலே நின்றால் வாசல்கள் தெரிகின்றன. எங்கள் கரையில் இன்று மூன்று.

மதியத்துக்கு மேல் கணுக்கால் ஆழக் குட்டை ஒன்றில் நண்டுக் குஞ்சு துரத்தினோம். பிள்ளைகளுக்குக் கடல் எவ்வளவு தேவை என்று நினைக்கிறீர்கள்? ஒரு குட்டை போதும்.

செப்டம்பர் 15, இரவு 8.50

மழை. காலை முதல். உள்ளே விளையாடச் சீட்டுக்கட்டு மறந்துவிட்டேன். பதினொரு மணிக்கு மூன்று பேரும் மழைச்சட்டை மாட்டிக்கொண்டு சிப்பி பொறுக்கினோம். பெரியவள் அவற்றை ஓட்டை உள்ளவை, ஓட்டை இல்லாதவை என்று இரண்டாகப் பிரித்தாள். வட்டமாகத் துளைத்த ஓட்டை எல்லாம் வேறொரு நத்தை துளைபோட்டு உள்ளே இருந்ததைத் தின்ற அடையாளம் என்று சொன்னேன். அதற்கப்புறம் அவளுக்கு ஓட்டை உள்ளவை மட்டும்தான் வேண்டும். கொலைச் சாட்சியங்களாம்.

வாளி மேல் உட்கார்ந்து மூன்றாவது இரவு. கதவு போட்ட தனி அறை எடுக்கச் சொன்னவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எட்டு மணிக்கு விளக்கு அணைத்தபின் நான் கொட்டாவி விட்டால்கூட ஒருவன் எழுந்து உட்காருகிறான். தனி ஆளுக்கு ஒரு நாளில் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம் இது, இதைக் குளியலறையில் கழிக்க வேண்டுமா? இரண்டாவது அறை இல்லாவிட்டாலும், கதவை மூடிவிட்டு வெளியே உட்கார ஒரு திண்ணை இருந்தால் போதும். என் தரைத்தளத்தில் அதுவும் இல்லை.

செப்டம்பர் 16, இரவு 9.20

ஆகஸ்ட் 30 குறிப்பின் கடைசி வரியை யாரும் நம்பாதீர்கள்.

இன்று கரையிலிருந்து கடல் பக்கமாகக் காற்று. எழுதியபடியே கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பெரியவள் காற்றடைத்த வளையத்தோடு முழங்கால் ஆழத்தில் நின்றாள், நான் கைக்கெட்டும் தூரத்தில். சின்னவன் தொப்பியைச் சரிசெய்யச் சொன்னான், குனிந்தேன். நிமிர்ந்தபோது வளையம் அவள் கையில் இல்லை, பத்தடி தள்ளி இருந்தது. அவள் அதன் பின்னால் இரண்டு எட்டு வைத்துவிட்டாள். கையைப் பிடித்துவிட்டேன். "போகட்டும்" என்றேன். அது போனது, சக்கரம் மாதிரி உருண்டு, பிறகு சறுக்கி. நான் துரத்தியிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. ஐந்து நிமிடத்தில் புள்ளி. அவள் அழுதாள். ஆனால் எனக்கு அந்த வளையத்துக்குள் அவள் உட்கார்ந்திருந்தால் என்ற நினைப்பு இரவு முழுவதும் போகாது.

கரைக்காற்று அலையை அடக்கும், உண்மைதான். அதே காற்று மிதக்கும் எதையும் வெளியே தள்ளும். கரையோரம் அடக்கமாகத் தெரிவதால் நாம் கவனிப்பதுமில்லை. காற்றடைத்த சாமான்கள் நீச்சல் குளத்துக்கு, கடலுக்கு இல்லை. மிச்சமிருந்த மிதவை முதலையைக் காற்றுப் பிடுங்கிப் பைக்குள் வைத்துவிட்டேன். சின்னவன் முதலை செத்துப்போச்சா என்று கேட்டான்.

இதைப் படித்துவிட்டுப் பள்ளம் தோண்டும் விளையாட்டே பாதுகாப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். மணல் பள்ளம் பிள்ளையின் முழங்காலுக்கு மேல் ஆழம் போகக் கூடாது. காய்ந்ததும் பக்கம் சரிந்து மூடிவிடும், ஈரமணல் கல் மாதிரிக் கனக்கும். கிளம்பும்போது மூடிவிட்டும் போக வேண்டும்.

செப்டம்பர் 17, மதியம் 2.00

மேகம் மூடிய நாள்தானே என்று காலையில் வெயில் கிரீம் ஒரு தடவைதான் போட்டேன். மெல்லிய மேகத்தைத் துளைத்துக்கொண்டு புற ஊதாக்கதிரில் பெரும்பகுதி வந்துவிடும், மணலும் நுரையும் திருப்பி அடிப்பது தனி. சின்னவனின் இரண்டு காது நுனியும் சிவந்துவிட்டன. முகம், தோள், முதுகு எல்லாம் பூசினேன், காதை மறந்தேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, தண்ணீரிலிருந்து வந்தால் மறுபடியும். பாட்டில் தீர்ந்தால் தீரட்டும்.

செப்டம்பர் 17, இரவு 9.40

கடைசி இரவு. கடலின் சூடு பற்றி ஆகஸ்டில் நான் எழுதிய நல்ல செய்தி எனக்கு மட்டும்தான். பிள்ளைகளின் உடம்பு சின்னது, சூடு வேகமாக இறங்கும். பெரியவள் "குளிரவே இல்லை" என்று பல் கிட்டியபடி சொல்வாள். அவளிடம் கேட்பதை விட்டுவிட்டு உதட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். உதடு வெளுத்தால் வெளியே, ஈர உடையைக் கழற்றி, காய்ந்த துணி, தொப்பி. ஆளுக்கு இரண்டு மாற்று உடை கரைக்கே கொண்டுபோக வேண்டியிருக்கிறது. அறை நூற்றுப் பத்து அடியில் இருந்ததால் சமாளித்தேன். இருபது நிமிட நடையில் இருந்திருந்தால் இரண்டாம் நாளே ஊர் திரும்பியிருப்போம்.

மணலை உதறும் வித்தை: ஈரமாக இருக்கும்போது தட்டாதீர்கள், தேய்த்தால் தோல்தான் சிவக்கும். காய விடுங்கள், தானாக உதிரும். அவசரமென்றால் சோளமாவைத் தூவித் துடைத்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு மணல் விழுந்துவிடும்.

ஐந்து நாளாக நான் முழு வாக்கியத்தில் பேசிய பெரியவர்கள் இருவர். கடைக்காரர், நாய்ப் பெரியவர். இரண்டாமவர் மொத்தம் பத்து வார்த்தை பேசியிருப்பார். இதை யாரும் செலவுப் பட்டியலில் எழுதுவதில்லை.

செப்டம்பர் 20, இரவு 10.30

வீடு. கணக்கு முடித்தேன். வாடகையில் எதிர்பார்த்தபடி மிச்சம். மீட்டர் மின்சாரம் எதிர்பார்த்ததைவிட அதிகம், மழை நாளில் துணி உலர்த்தியதால். வெளியே சாப்பிட்டது இரண்டே வேளை. மொத்தத்தில் இதே வீட்டுக்குச் சீசனில் ஆகும் செலவில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆகவே முதல் நாள் எழுதிய "பாதி" அவ்வளவு பொய்யில்லை. நான் திருத்தியதைத் திருத்துகிறேன்.

"மறுபடி போவீர்களா?" என்று மூன்று பேர் கேட்டாயிற்று. போவேன். உயிர்காப்பாளர்கள் எந்தத் தேதி வரை இருப்பார்கள் என்று முதலில் கேட்பேன். அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய கடைசி வாரம் கிடைத்தால் வாடகை கொஞ்சம் கூடினாலும் அதைத்தான் எடுப்பேன். திண்ணை இருக்கிறதா என்று அதற்கப்புறம் கேட்பேன். கடல் தெரிகிறதா என்று கேட்க மாட்டேன்.

செப்டம்பர் 21, காலை 6.05

பையைத் துவைக்கப் போட்டபோது அடியில் ஓட்டைச் சிப்பிகள் நாற்பத்தொன்று. அதில் ஒன்றுக்குள் இன்னும் ஆள் இருந்திருக்கிறது. வாசனை தாங்கவில்லை. போகும்போது பை காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதோடு, வரும்போதும் பார்த்துவிடுங்கள்.